உங்களுக்குத் தெரியுமா? மூளையில் புடைப்பு, கண்ணில் அடையாளம்

● ஒரு கண்ணை அசைக்க ஆறு தசைகள் இருக்கின்றன. மேல் இமையைத் தூக்க இன்னொன்று. இந்த ஏழையும் இயக்குபவை மூன்றே நரம்புகள். மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் மூன்றாவது, நான்காவது, ஆறாவது ஆகியவை அவை. இந்த வரிசை எண்களைக் கொடுத்தவர் ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் சாமுவேல் தாமஸ் ஃபான் ஸெமரிங். ஆண்டு 1778. மூளையின் அடிப்பாகத்தை முன்னாலிருந்து பின்னால் பார்த்துக்கொண்டே எண்ணினார். இன்றைக்கும் மருத்துவமனைக் கேஸ் ஷீட்டில் எழுதப்படுவது அந்த எண்கள்தான்.

● மூன்று நரம்புகளுக்கும் வேலை சமமாகப் பிரிக்கப்படவில்லை. ஆறாவதுக்கு ஒரே தசை. அது கண்ணைக் காதுப் பக்கம் திருப்பும். நான்காவதுக்கும் ஒன்றுதான், மூக்குப் பக்கம் திரும்பிய கண்ணை அது கீழே இறக்கும். மீதி நான்கு தசைகளும் இமையும் மூன்றாவதின் பொறுப்பு. வெளிச்சம் பட்டதும் கண் பாப்பாவைச் சுருக்குவதும், கிட்டத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும்போது விழிலென்ஸைத் தடிமனாக்குவதும்கூட அதன் வேலைதான். அதனால் மூன்றாவது நரம்பு முழுதாகச் செயலிழந்தால் அந்தக் கண்ணில் எல்லாமே மாறிவிடும். இமை விழுந்து கண் மூடிக்கொள்ளும். விரலால் இமையைத் தூக்கினால் விழி வெளிப்பக்கமாகவும் கொஞ்சம் கீழாகவும் ஒதுங்கி நிற்பது தெரியும். பிழைத்திருக்கும் இரண்டு தசைகள் இழுத்த திசை அது. பாப்பா அகன்றிருக்கும், டார்ச் அடித்தாலும் சுருங்காது.

● இமை முழுதாக மூடிவிட்டவர், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்று சொல்லவே மாட்டார். மூடிய இமை அந்தத் தொந்தரவை மறைத்துவிடுகிறது. டாக்டர் இமையைத் தூக்கிப் பிடிக்கும்போதுதான் எதிரே இரண்டு டாக்டர்கள் தெரிவார்கள்.

● எந்த ரத்தக்குழாயிலும் சுவர் நலிந்த இடம் உள்ளிருக்கும் அழுத்தத்தால் வெளியே தள்ளப்படலாம். பழைய சைக்கிள் டியூப்பில் காற்றடிக்கும்போது ஓரிடம் மட்டும் உப்பிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படித்தான். மருத்துவத்தில் இதை அனியூரிசம் என்கிறார்கள். மூளையில் இது பெரும்பாலும் தமனிகள் கிளை பிரியும் மூலையில் உண்டாகிறது. ரத்த ஓட்டம் நேராக மோதும் இடம் அது. உடலின் மற்ற தமனிகளோடு ஒப்பிட்டால் மூளைத் தமனிகளின் வெளிச்சுவர் மெல்லியது என்பதும் ஒரு காரணம்.

● பெரியவர்களில் 100 பேரை எடுத்துக்கொண்டால் சுமார் 3 பேரின் மூளையில் வெடிக்காத அனியூரிசம் இருக்கிறது. பயந்துவிட வேண்டாம். அவர்களில் பெரும்பாலானோருக்கு அது கடைசிவரை எந்தத் தொந்தரவும் தருவதில்லை. இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பவர்கள் ஏராளம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். ஆனால் வெடிக்கும் சிலருக்கு மூளையைச் சுற்றியுள்ள இடைவெளியில் ரத்தம் பாய்ந்துவிடும். அப்படிப் பாய்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைக் காப்பாற்ற முடிவதில்லை. இந்தப் பத்தி முழுக்க அந்த வெடிப்புக்கு முன்னால் கண் காட்டும் அடையாளங்களைப் பற்றியதுதான்.

● மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக நிற்கின்றன. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-ல் வெளியிட்ட மூளை உடற்கூறியல் நூலில் இதைத் தெளிவாக விளக்கினார். அதனால் இன்றும் அது வில்லிஸ் வளையம். அந்த நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென். பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே கட்டடக் கலைஞர்.

● வில்லிஸ் வளையத்தின் பின்பாதியில், முன்னிருந்து வரும் பெரிய கழுத்துத் தமனியையும் பின்னால் உள்ள தமனியையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று இரு பக்கமும் உண்டு. பின் இணைப்புத் தமனி என்று பெயர். மூன்றாவது நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பி, இரண்டு தமனிகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்து, பிறகு இந்த இணைப்புத் தமனியை ஒட்டியே கண்ணை நோக்கி முன்னால் ஓடுகிறது. கழுத்துத் தமனியிலிருந்து இணைப்புத் தமனி பிரியும் மூலை அனியூரிசம் அடிக்கடி வரும் இடங்களில் ஒன்று. அந்தப் புடைப்பு பின்பக்கமாக, வெளிப்பக்கமாக வளர்ந்தால் நேரே மூன்றாவது நரம்பின் மேல்தான் போய் முட்டும்.

இந்த அக்கம்பக்கம் ஓர் உடற்கூறியல் தற்செயல். ஆனால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய தற்செயல். மூளையின் முன்பக்க இணைப்புத் தமனியில் வளரும் அனியூரிசத்துக்குப் பக்கத்தில் கண்ணை அசைக்கும் நரம்பு எதுவும் கிடையாது. அது பெரும்பாலும் எந்த அறிவிப்பும் இல்லாமல் வெடிக்கிறது. பின் இணைப்புத் தமனியில் வரும் அனியூரிசங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கண்ணை அசைக்கும் நரம்பைப் பாதித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்த அறிகுறியைப் புரிந்துகொள்ளும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

● பட்டாணி அளவு போதும். 4 மில்லிமீட்டருக்குக் குறைவான புடைப்பு இந்த நரம்பை அழுத்துவது அபூர்வம். அதற்கு மேல் வளர்ந்ததும், ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் நரம்பின்மேல் ஓர் அடி விழுகிறது. நரம்பு செயலிழப்பதற்கு இந்த இடைவிடாத துடிப்பும் ஒரு காரணம் என்கிறார்கள் நரம்பியல் அறுவை மருத்துவர்கள்.

● கண் டாக்டர் டார்ச்சை எடுத்துப் பாப்பாவைப் பார்ப்பதற்குப் பின்னால் அழகான ஒரு தர்க்கம் இருக்கிறது. மூன்றாவது நரம்பு ஒரே இழை அல்ல. ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் கொண்ட கற்றை. கண்ணை அசைக்கும் இழைகள் நடுவில் ஓடுகின்றன. பாப்பாவைச் சுருக்கும் இழைகள் மேற்பரப்பில், அதுவும் மேல் உள்பக்கமாக ஓடுகின்றன. வெளியிலிருந்து அனியூரிசம் அழுத்தினால் முதலில் நசுங்குபவை மேற்பரப்பில் இருக்கும் இந்த இழைகள். அதனால் பாப்பா விரிகிறது.

சர்க்கரை நோயிலோ ரத்த அழுத்தத்திலோ நடப்பது வேறு. நரம்புக்கு உணவூட்டும் மிக நுண்ணிய குழாய்கள் அடைபடுகின்றன. நரம்பின் நடுப்பகுதி பட்டினி கிடக்கிறது. மேற்பரப்புக்கு வேறு வழியாக ரத்தம் வந்துவிடுவதால் அங்கே பெரிய சேதமில்லை. இமை விழும், விழி ஒதுங்கும், ஆனால் பாப்பா வழக்கம்போலச் சுருங்கும்.

ஆகவே மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாடம்: இமை இறங்கி, விழி ஒதுங்கி, பாப்பாவும் விரிந்திருந்தால், ‘அனியூரிசம் இல்லை’ என்று நிரூபணமாகும்வரை அது அனியூரிசம்தான்.

● அந்த விதி எவ்வளவு நம்பகமானது? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் என்ற மாவட்டத்தில் 1978 முதல் 2014 வரை மூன்றாவது நரம்பு செயலிழந்த 145 பேரின் மருத்துவக் குறிப்புகளை அலசி 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. நுண்குழாய் அடைப்பால் வந்தவை 42 சதவீதம். அனியூரிசத்தால் வந்தவை 6 சதவீதம். ஏதோ ஒன்று நரம்பை அழுத்தியதால் பாதிக்கப்பட்டவர்களில் பாப்பா விரிந்திருந்தது 64 சதவீதத்தினருக்கு மட்டுமே. நுண்குழாய் அடைப்பு வந்தவர்களிலும் 16 சதவீதத்தினருக்குப் பாப்பா பாதிக்கப்பட்டிருந்தது.

இந்த எண்களை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பாப்பா சரியாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது என்று அவை சொல்கின்றன. குறிப்பாக இமை பாதிதான் இறங்கியிருக்கிறது, கண் கொஞ்சம் அசைகிறது என்ற நிலையில், பாப்பாவை எட்டும் அளவுக்கு அழுத்தம் இன்னும் வளராமல் இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் பாப்பாவும் விரிந்துவிட்ட நோயாளிகள் உண்டு. ஸ்கேன் வசதி பெருகிவிட்ட இந்தக் காலத்தில், மூன்றாவது நரம்பு பாதித்த எல்லோருக்கும் ரத்தக்குழாய்ப் படம் எடுத்துவிடுவதே நல்லது என்ற கருத்து வலுத்துவருகிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

● சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று அது கணக்கிட்டது. கண்ணை அசைக்கும் நரம்பு விஷயத்தில் இதற்கு ஒரு விளைவு உண்டு. சுகர் இருப்பவருக்கு ஒரு நாள் இமை இறங்கினால், “சுகர்னாலதான், மூணு மாசத்துல சரியாயிடும்” என்று சொல்லிவிடுவது மிகச் சுலபம். பெரும்பாலும் அது உண்மையும்கூட. நுண்குழாய் அடைப்பால் வந்த பாதிப்பு 3 மாதத்துக்குள் தானாகவே தேறிவிடும். ஆனால் சுகர் இருப்பவருக்கு அனியூரிசம் வராது என்று எந்த உத்தரவாதமும் இல்லையே.

● வலி இருந்தால் அனியூரிசம், வலி இல்லாவிட்டால் சுகர் என்று ஒரு பேச்சு உண்டு. தவறு. நுண்குழாய் அடைப்பிலும் புருவத்துக்கு மேலும் கண்ணுக்குப் பின்னாலும் கடுமையாக வலிக்கும். வலியை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

● ஒரு பாப்பா மட்டும் பெரிதாக இருக்கிறது. இமை சரியாக இருக்கிறது, கண் எல்லாப் பக்கமும் அசைகிறது, ஆள் தெளிவாகப் பேசுகிறார். இது அனியூரிசமாக இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. காரணம் தோட்டத்திலேயே இருக்கலாம். ஊமத்தைச் செடியைப் பிடுங்கிவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கினால் பாப்பா விரிந்துவிடும். அதில் உள்ள அட்ரோபின் வகைச் சத்துகளின் வேலை அது. வீசிங்குக்கு நெபுலைசர் வைக்கும்போது முகமூடியின் ஓரத்தில் கசியும் மருந்தும் சில நேரம் இதைச் செய்யும். சந்தேகம் வந்தால் டாக்டர்கள் பைலோகார்பின் சொட்டு மருந்தை விட்டுப் பார்ப்பார்கள். நரம்பு கெட்டதால் விரிந்த பாப்பா அதற்குச் சுருங்கும். ஊமத்தையாலோ மருந்தாலோ விரிந்த பாப்பா அசையாது.

● 1927-க்கு முன்னால் உயிரோடு இருப்பவரின் மூளை ரத்தக்குழாய்களைக் கண்ணால் காண வழியே இல்லை. அந்த ஆண்டு லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற போர்த்துக்கீசிய மருத்துவர், கழுத்துத் தமனியில் எக்ஸ்-ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்துக் காட்டினார். இன்றைய ஆஞ்சியோகிராமின் தொடக்கம் அது. அதுவரை இமையையும் பாப்பாவையும் பார்த்துத்தான் மருத்துவர்கள் உள்ளே இருப்பதை ஊகித்தார்கள். பிணப் பரிசோதனையில்தான் அந்த ஊகம் சரியா என்று தெரிந்தது.

● மூளை அனியூரிசத்துக்குக் கிளிப் போட்ட முதல் அறுவை சிகிச்சை, கண்ணை அசைக்கும் நரம்பு செயலிழந்த ஒருவருக்குத்தான் நடந்தது!

1937 மார்ச் 23. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி. நோயாளிக்கு வயது 43. வலது கண்ணின் மூன்றாவது நரம்பு முழுதாகச் செயலிழந்திருந்தது. அந்தக் காலத்தில் இதற்கு இருந்த வழிகள் இரண்டு. கழுத்திலேயே தமனியைக் கட்டி, மேலே போகும் ரத்தத்தைக் குறைப்பது பழைய முறை. அதில் மூளைக்கு ரத்தம் போதாமல் பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. இன்னொன்று 1931-ல் எடின்பரோவில் நார்மன் டாட் செய்தது: நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த தசைத்துண்டை அனியூரிசத்தைச் சுற்றி வைத்துச் சுவருக்கு முட்டுக்கொடுத்தார்.

டேண்டி நேரே அனியூரிசத்துக்கே போனார். கழுத்துத் தமனியிலிருந்து பட்டாணி அளவுக்குப் புடைத்திருந்த அதன் குறுகிய கழுத்துப் பகுதியில் ஒரு வெள்ளிக் கிளிப்பை வைத்து நசுக்கினார். தாய்த்தமனியில் ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தது; புடைப்புக்குள் போவது மட்டும் நின்றது. பிறகு மின்சூட்டால் புடைப்பைச் சுருக்கினார். நோயாளி தேறி வீட்டுக்குப் போனார். சில மாதங்களில் அவருடைய கண்ணின் அசைவும் திரும்பியது. மறு ஆண்டு டேண்டி இதை மருத்துவ இதழில் எழுதினார்.

ஸ்கேன் கிடையாது, அறுவைக்கான மைக்ரோஸ்கோப் கிடையாது. கண்ணைப் பார்த்து, உள்ளே இன்ன மூலையில் இன்னதுதான் இருக்க வேண்டும் என்று கணித்து மண்டையைத் திறந்திருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த வரலாறு எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

● இன்றைய கிளிப்புகள் பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆனவை. எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் போனாலும் நகராது. ஆனால் பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட சில வகைக் கிளிப்புகள் காந்தத்தால் இழுபடக்கூடியவை. எப்போதோ மூளையில் கிளிப் போட்டுக்கொண்ட பெரியவர் வீட்டில் இருந்தால், ஆபரேஷன் குறிப்பைப் பத்திரமாக வைத்திருங்கள், எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

● மண்டையைத் திறக்காமலே அனியூரிசத்தை அடைக்கும் முறை 1990-ல் வந்தது. இத்தாலியரான குய்தோ குல்யெல்மி, லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, மயிரிழை போன்ற பிளாட்டினச் சுருள்களைப் புடைப்புக்குள் நிரப்பி, மெல்லிய மின்னோட்டத்தால் சுருளைக் கம்பியிலிருந்து துண்டித்துவிடுவது. இதைக் ‘காயிலிங்’ என்கிறார்கள். ஏற்கெனவே வெடித்த அனியூரிசம் உள்ள 2,143 பேரிடம் கிளிப்பையும் காயிலையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. ஓர் ஆண்டுக்குப் பிறகு, இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் காயில் பிரிவில் 23.7 சதவீதம், கிளிப் பிரிவில் 30.6 சதவீதம்.

கண்ணைப் பொறுத்தவரை கேள்வி கொஞ்சம் சிக்கலானது. சுருள் நிரப்பினால் புடைப்பு அங்கேயே இருக்கிறதே, நரம்பின்மேல் பாரம் எப்படிக் குறையும்? பாரம் உடனே குறைவதில்லை, துடிப்பு நின்றுவிடுகிறது. அதுவே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனாலும் நரம்பு முழுமையாகத் தேறுவது கிளிப் போட்டவர்களிடம் கொஞ்சம் அதிகம் என்று பல தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. எந்த முறை என்பதை அனியூரிசத்தின் வடிவம், வயது, உடல்நிலை எல்லாம் பார்த்துத்தான் முடிவுசெய்வார்கள். இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: இமை இறங்கிய நாளிலிருந்து எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை நடக்கிறதோ, அவ்வளவுக்குக் கண் அசைவு திரும்பும் வாய்ப்பு கூடுகிறது.

● கண்ணுக்குப் பின்னால், மூக்கின் மேல் மூலைக்கு உள்ளே, கழுத்துத் தமனி ஒரு சிரைக்குகை வழியாகப் போகிறது. கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகளும் அங்கேதான் ஒன்றுகூடுகின்றன. மூன்றாவதும் நான்காவதும் குகைச் சுவருக்குள் பதிந்து ஓடுகின்றன. ஆறாவது மட்டும் குகைக்குள்ளேயே, தமனிக்குப் பக்கத்தில் தனியாகப் போகிறது. ஆகவே இந்த இடத்தில் அனியூரிசம் வந்தால் பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது ஆறாவதுதான்: கண் காதுப் பக்கம் திரும்பாது, தூரத்தில் வரும் பஸ் பக்கம் பக்கமாக இரண்டாகத் தெரியும், ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். நடுவயது தாண்டிய பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறார்கள்.

இந்தக் குகை அனியூரிசம் மூளை உறைக்கு வெளியே இருப்பதால், வெடித்தாலும் மூளையைச் சுற்றி ரத்தம் பாய்வது அபூர்வம். தமனி ரத்தம் சுற்றியுள்ள சிரைகளுக்குள் பாய்ந்துவிடும். அப்போது கண் சிவந்து, பிதுங்கி, நாடியோடு சேர்ந்து துடிக்கும். ‘உஸ் உஸ்’ என்று ஒரு சத்தம் தலைக்குள் கேட்கிறது என்று நோயாளி சொல்வார். மூடிய கண்ணின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் டாக்டருக்கும் அந்தச் சத்தம் கேட்கும்.

● நான்காவது நரம்பை அனியூரிசம் தனியாகப் பாதிப்பது மிக அரிது. பாதித்தால் அறிகுறி வித்தியாசமானது: படிக்கட்டில் இறங்கும்போது படிகள் மேலும் கீழுமாக இரட்டையாகத் தெரியும். அதைச் சரிக்கட்ட, பாதித்த கண்ணுக்கு எதிர்ப்பக்கத் தோளை நோக்கித் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். பலருக்குத் தாங்கள் சாய்ப்பதே தெரியாது.

● ஆறாவது நரம்பு சில நேரம் பொய்ச் சாட்சி சொல்லும். அனியூரிசம் வேறெங்கோ வெடித்து மண்டைக்குள் அழுத்தம் ஏறும்போது, எலும்பை ஒட்டி மடங்கிப் போகும் ஆறாவது நரம்பு இழுபட்டுச் செயலிழக்கிறது. கண் உள்பக்கம் ஒதுங்குகிறது. அந்த நரம்புக்குப் பக்கத்தில் தேடினால் எதுவும் இருக்காது. இப்படி இடம் மாற்றிக் காட்டும் அறிகுறிகளைப் பற்றி ஆங்கிலேய நரம்பியலாளர் ஜேம்ஸ் கோலியர் 1904-லேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

● மூளையைச் சுற்றி ரத்தம் பாய்ந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிகிறது. டெர்சன் நோய் என்பார்கள். பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஆல்பர் டெர்சன் 1900-ல் விவரித்தது. ஐ.சி.யூ.வில் நினைவு திரும்பிய பிறகு “கண் மறைக்குது” என்று நோயாளி சொன்னால் மூளைதான் கெட்டுவிட்டது என்று குடும்பத்தார் உடைந்துபோக வேண்டாம். விழிக்குள் தேங்கிய ரத்தம் பலருக்குத் தானே கரையும்; கரையாவிட்டால் கண் அறுவையில் அதை அகற்றலாம்.

● வெடித்ததற்கான தலைவலியை மற்ற தலைவலிகளோடு குழப்ப வேண்டியதில்லை. மெல்ல ஏறிக்கொண்டு வருவது இதன் குணமல்ல. சில நொடிகளில், அதிகபட்சம் ஒரு நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டுவிடும். “என் வாழ்நாளில் இப்படி ஒரு தலைவலி வந்ததே இல்லை” என்பார்கள். கழுத்து விறைக்கும், வாந்தி வரும், சிலர் மயங்கி விழுவார்கள். முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேன் இந்த ரத்தத்தைக் கிட்டத்தட்டத் தவறாமல் காட்டிவிடும். நாள் ஆக ஆக அந்தத் துல்லியம் குறைகிறது. ஒருமுறை வெடித்த அனியூரிசம் மறுபடி வெடிக்கும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது முதல் 24 மணி நேரத்தில்.

இமை இறங்கிக் கூடவே இப்படித் தலைவலியும் வந்தால் 108-ஐ அழையுங்கள். தலைவலி இல்லாமல் இமை மட்டும் திடீரென்று இறங்கினாலும் அன்றைக்கே, ஸ்கேன் வசதியும் நரம்பியல் மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கண்ணில்தானே பிரச்சினை, கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டால் விலைமதிப்பற்ற நாட்கள் போய்விடும்.

● சாதாரண சி.டி. ஸ்கேனில் ‘நார்மல்’ என்று வந்தால் அனியூரிசம் இல்லை என்று அர்த்தமில்லை. வெடிக்காத புடைப்பு அதில் பெரும்பாலும் தெரியாது. ஊசி வழியாக மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ வேண்டும். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் தமனிக்குள் குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம். ஸ்கேன் கேட்டு எழுதும் சீட்டில் ‘தலைவலி’ என்று மட்டும் இருந்தால், அந்தக் குறிப்பிட்ட மூலையில் உள்ள சிறிய புடைப்பு படம் பார்ப்பவரின் கவனத்துக்குத் தப்பிவிடலாம். ‘மூன்றாவது நரம்பு பாதிப்பு, எந்தப் பக்கம்’ என்று எழுதியிருந்தால் நேரே அந்த இடத்தைத் தேடுவார். சீட்டில் அப்படி எழுதச் சொல்லிக் கேட்க நோயாளிக்கும் உரிமை உண்டு.

● யாருக்கு ஆபத்து அதிகம்? புகைபிடிப்பவர்கள், கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவர்கள், பெற்றோர் உடன்பிறந்தோரில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ அனியூரிசம் இருந்தவர்கள். பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மூளையில் அனியூரிசம் இருக்கிறது. இந்த இரண்டில் ஏதாவது ஒரு குடும்பப் பின்னணி இருந்தால் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் ஸ்கேன் பற்றிப் பேசலாம். மற்றவர்கள் பயந்துபோய் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை.

● விபத்திலோ மூளை ரத்தக்கசிவிலோ நினைவிழந்து கிடப்பவரின் கண்ணில் நர்ஸ் மணிக்கு மணி டார்ச் அடித்துப் பார்ப்பதும் இதே நரம்புக்காகத்தான். மூளை வீங்கிக் கீழே சரியும்போது மூன்றாவது நரம்பு நசுங்கி, அந்தப் பக்கத்துப் பாப்பா விரியும்.

● சிகிச்சை முடிந்ததும் கண் மறுநாளே சரியாகிவிடாது. வாரங்கள், மாதங்கள் ஆகும். பெரும்பாலும் முதலில் இமை ஏறும். அப்போது நோயாளிக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது: இமை திறந்ததும், இதுவரை மறைந்திருந்த இரட்டைப் பார்வை வெளியே வருகிறது. “ஆபரேஷனுக்கு அப்புறம் கண் மோசமாயிடுச்சே” என்று வீட்டார் கலங்குவதும் இங்கேதான். உண்மையில் அது தேறுவதன் அடையாளம். அதுவரை ஒரு கண்ணை மறைத்துக்கொள்ளலாம், கண்ணாடியில் பிரிஸம் ஒட்டிக்கொள்ளலாம். பாப்பா பலருக்குக் கடைசிவரை கொஞ்சம் அகன்றே இருக்கும், வெயிலில் கூசும்.

● மீண்டும் வளரும் நரம்பிழைகள் சில நேரம் வழி மாறித் தவறான தசைக்குப் போய்ச் சேர்கின்றன. கண்ணை மூக்குப் பக்கம் திருப்பச் சொன்னால் கூடவே இமையும் ஏறும். கீழே பார்க்கும்போது இறங்க வேண்டிய இமை மேலே போகும். நசுங்கியோ அறுந்தோ பிறகு வளர்ந்த நரம்பில்தான் இதைக் காணலாம். சுகரால் வந்த பாதிப்பு தேறும்போது இது வருவதில்லை. எனவே ‘சுகர்தான்’ என்று முடிவுகட்டப்பட்ட ஒருவருக்குச் சில மாதம் கழித்து இமை இப்படி எதிர்த்திசையில் அசைந்தால், அந்தப் பழைய முடிவைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். எந்தப் பாதிப்பும் வராமலே, மெல்ல இந்த அசைவு மட்டும் தோன்றுவதும் உண்டு. சிரைக்குகைக்குள் மெதுவாக வளரும் அனியூரிசமோ கட்டியோ அங்கே இருக்கலாம்.

● ஆறு மாதம்வரையாவது பொறுத்து, அசைவில் இனி மாற்றமில்லை என்று உறுதியான பிறகே மாறுகண் அறுவை சிகிச்சை செய்வார்கள். நேரே பார்க்கும்போதும் படிக்கும்போதும் காட்சி ஒன்றாகத் தெரியவேண்டும் என்பதுதான் அதன் இலக்கு. இமையை உயர்த்தும் அறுவை அதற்குப் பிறகு. விழியை நேராக்காமல் இமையை மட்டும் தூக்கிவிட்டால் இரட்டைப் பார்வைதான் மிஞ்சும்.